தொண்டையைப் பார்த்தோம், பல்லைப் பார்த்தோமா?

(பட்டிமன்றத் தலைப்பு: கொரோனா முடக்கத்தில் நம் பிள்ளைகள் அதிகம் இழந்தது படிப்பையா, உடல் நலத்தையா? ‘உடல் நலத்தையே’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசிய ஆசிரியையின் உரை.)

படிப்பு போச்சு, படிப்பு போச்சு என்று இவ்வளவு நேரம் தொண்டை வறளப் பேசிவிட்டுத் தண்ணீர் குடித்துக் கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! வீட்டில் டிவி முன்னால் முறுக்குத் தட்டோடு உட்கார்ந்திருக்கிற அன்புச் சொந்தங்களே!

முறுக்கு வைத்திருப்பவர்கள் இப்போதே ரெண்டு கடி கடிச்சிக்குங்க. நான் பேசி முடித்த பிறகு கடிக்க யோசிப்பீங்க. ஏன்னா நான் பேச வந்தது பல்லைப் பற்றி. (சிரிப்பு)

நடுவர்: இதுவரைக்கும் யாரும் பல்லுல கை வைக்கலம்மா. நீங்க வைங்க.

வைக்கிறேன் ஐயா. எங்கள் தலைவர் கண்ணைச் சொன்னார், செல்போனைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் கண்ணாடி போட்ட கதையைச் சொன்னார். அடுத்து வந்த தம்பி எடையைச் சொன்னார், ஓடாமல் ஆடாமல் ஊதிப்போன கதை. கண்ணு மங்கினா பிள்ளை கரும்பலகை தெரியலன்னு சொல்லும். எடை ஏறினா சட்டை பத்தாது. ஆனா பல் மட்டும் வாயை மூடிக்கிட்டே கெட்டுப்போகும் ஐயா. அது வாயைத் திறந்து பேசும்போது ராத்திரி ரெண்டு மணி ஆகியிருக்கும்! (கைதட்டல்)

நான் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை. முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் எல்லாப் பிள்ளைகளையும் பார்க்கிற ஆள். அதனால் எதிரணிக்கு ஒண்ணு முதலிலேயே ஒத்துக்கறேன். படிப்பு போகலைன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னால் திங்கட்கிழமை என் பள்ளிக்கூடத்து வாசல் எனக்கே சிரிக்கும். பாதியில் நின்று வேலைக்குப் போன பிள்ளைகள் உண்டு, கல்யாணம் பண்ணிக் கொடுக்கப்பட்ட பெண் பிள்ளைகள் உண்டு. அதை லேசாகப் பேச எனக்கு மனசு வராது.

ஆனால் ஒரு கேள்வி. 2021 அக்டோபர் 27ஆம் தேதி, மரக்காணம் பக்கத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கினார்கள். விட்டுப்போன பாடத்தைச் சொல்லித் தர சாயங்கால நேரத்தில் தெருத் தெருவாகத் தன்னார்வலர்கள் வந்தார்கள். நல்ல காரியம், நானும் கூட நின்றேன். அதே 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தது. எங்க அத்தைக்குச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாசல்படிக்கே வந்தது. ஆக, படிப்பு இல்லம் தேடி வந்தது. மாத்திரை மக்களைத் தேடி வந்தது. பிள்ளையின் வாயைத் தேடி யார் வந்தார்கள்? (கைதட்டல்)

பெத்தவ நான் இருந்தேனே, நான் பார்த்தேனா? பார்க்கலை. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

2020 பிப்ரவரி மாதம். என் மகளுக்கு அப்போது ஆறரை வயசு. முன்பல் ஒண்ணு ஆடுகிறதென்று எங்க ஊர் பல் டாக்டரம்மாகிட்ட கூட்டிக்கொண்டு போனேன். அவங்க சிரித்த முகம். நாற்காலியை ஏத்தி இறக்கிக் காட்டி, கண்ணாடிக் குச்சியை அவ கையிலேயே கொடுத்து, “உன் பொம்மைக்கு எத்தனை பல்லுன்னு எண்ணிட்டு வா”ன்னு சொல்லி, ஒரு பலூனும் கொடுத்தாங்க. வாயைப் பார்த்துவிட்டு, “கீழ்க் கடைவாய்ப் பல்லில் சின்னதா ஒரு குழி இருக்கு, அரை மணி நேர வேலை, அடைச்சிடலாம்”ன்னாங்க. எங்க பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. நான்தான் சொன்னேன், “விழா முடியட்டும் டாக்டர், அடுத்த மாசம் வர்றேன்.” மார்ச் 28, சனிக்கிழமை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மார்ச் 25ஆம் தேதி நாடே கதவைச் சாத்தியது. அந்தச் சீட்டு எங்க வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் அப்படியே இருந்தது.

எல்லாக் கடைக்கும் பூட்டு போட்டார்கள். ஆனா பல் ஆஸ்பத்திரிக்கு விழுந்த பூட்டு வேற மாதிரி. பல்லைக் குடைகிற அந்தக் கருவி நிமிஷத்துக்கு மூன்று லட்சம், நான்கு லட்சம் சுற்று சுற்றும். சூடு ஏறாமல் இருக்கத் தண்ணீரைப் பீய்ச்சும். அந்தத் தண்ணீர் எச்சிலோடு கலந்து மூடுபனி மாதிரி அறை முழுக்க மிதக்கும். மற்ற டாக்டர்கள் நோயாளியை முகக்கவசம் போட்டுக்கோன்னு சொல்லலாம். பல் டாக்டர் என்ன சொல்வார்? “முகக்கவசத்தைப் போட்டுக்கிட்டே வாயைத் திற”ன்னா சொல்ல முடியும்? (சிரிப்பு)

அதனால் உலகம் முழுக்க அந்தக் கதவை மூடினார்கள். அமெரிக்காவில் பல் மருத்துவர் சங்கம் 2020 மார்ச் 16ஆம் தேதியே, அவசரம் இல்லாத வேலையைத் தள்ளிப் போடுங்கள் என்றது. இங்கிலாந்தில் மார்ச் 25 முதல் ஜூன் 8 வரை சாதாரணப் பல் சிகிச்சையே கிடையாது. அந்த ஊரில் ஐந்து வயசிலிருந்து ஒன்பது வயசு வரையான பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முதல் காரணமே சொத்தைப் பல்தான். மயக்க மருந்து கொடுத்துப் பல் பிடுங்க வரிசையில் நின்ற பிள்ளைகள், அப்படியே நின்றார்கள். நம் நாட்டில் 2020 மே 19ஆம் தேதி சுகாதார அமைச்சகம் பல் மருத்துவர்களுக்கு விதிமுறை கொடுத்தது. கட்டுப்பாட்டுப் பகுதியில் மூடியே இருக்கணும்; மற்ற இடங்களில் வலி, வீக்கம், ரத்தம் மாதிரி அவசரம் மட்டும். அடைப்பது, சுத்தம் செய்வது எல்லாம் அப்புறம். அன்றைக்கு அதைத் தப்பென்று சொல்ல முடியாது.

நடுவர்: அப்ப குத்தவாளி கொரோனாதானேம்மா? உங்களை ஏன் திட்டிக்கிறீங்க?

அங்கேதான் ஐயா கதையே இருக்கு. கதவு மூடியது சில மாசம். திறந்த பிறகும் போகாம இருந்தது யாரு?

2020 செப்டம்பரில் டாக்டரம்மாவே போன் பண்ணினாங்க. “திறந்துட்டோம்மா. பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க. குடையக்கூட வேண்டாம், ஒரு மருந்தைத் தொட்டு வச்சாவது சொத்தையை நிறுத்தலாம்”ன்னாங்க. அப்போது எனக்கு அது என்ன மருந்து என்று தெரியாது. பிறகு தெரிந்துகொண்டேன். சில்வர் டைஅமைன் ஃப்ளோரைடு என்று வெள்ளி கலந்த ஒரு திரவம். தூரிகையால் தொட்டு வைத்தால் போதும். அந்த இடம் கறுத்துப் போகும், ஆனால் சொத்தை பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். ஊசி இல்லை, டிரில் இல்லை, அந்த மூடுபனியும் இல்லை. உலக சுகாதார நிறுவனம்கூட 2020 ஆகஸ்டில் இந்த மாதிரி புகை கிளப்பாத, கைக்கருவி வைத்தியத்துக்கு முதலிடம் கொடுங்கள் என்றுதான் சொன்னது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கொரோனா முழுசாப் போகட்டும் டாக்டர். வலி ஒண்ணும் இல்ல. எப்படியும் பால் பல்தானே, விழுந்து முளைச்சிடும்.” அவங்க ஏதோ சொல்ல வந்தாங்க. இன்னொரு அழைப்பு வருதுன்னு நான் வச்சுட்டேன்.

அதே அக்டோபரில் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனோம் ஐயா! மூணு மாடி ஜவுளிக்கடை. படிக்கட்டில் மூச்சு விட இடமில்லை. பிள்ளையும் கூட வந்தது. பாவாடை பொருந்துதான்னு பார்க்கணுமே! ஜவுளிக்கடையில் கொரோனா வராது, பல் ஆஸ்பத்திரியில் மட்டும் கதவுக்குப் பின்னால் ஒளிஞ்சிருந்து பிடிக்கும்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) சிரிக்கிறீங்க. அந்தக் கடையில் உங்களையும் பார்த்த ஞாபகம்.

வீட்டுக்குள்ளே என்ன நடந்தது? அதையும் சொல்லணும். கபசுரக் குடிநீர் கொடுத்தோம். கசப்பு. பிள்ளை குடிக்குமா? ஒரு மடக்கு குடிச்சா ஒரு சாக்லேட் லஞ்சம். எங்க அத்தை கையில் பனங்கற்கண்டு டப்பா. நுரையீரலைக் காப்பாத்த நான் ஒரு பக்கம் ஊத்த, பல்லைக் கெடுக்க அத்தை ஒரு பக்கம் போட... (சிரிப்பு) அத்தையைச் சொல்லி என்ன, சாக்லேட் வாங்கி வைத்தது நான்தானே.

அப்புறம் இணையவழி வகுப்பு. ஒரு கையில் செல்போன், ஒரு கையில் பிஸ்கட். எதிரணி அக்கா சொன்னாங்களே, பள்ளிக்கூடத்து மணியை இழந்தோம்னு. உண்மை அக்கா, அந்த மணியை எங்க பிள்ளைகளின் பல்லும் இழந்தது! பள்ளிக்கூடத்தில் பத்தரை மணிக்கு இடைவேளை, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. நடுவில் வாய் சும்மா இருக்கும். வாய் சும்மா இருக்கிறதில்தான் பல் பிழைக்கிறது. எவ்வளவு இனிப்பு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு தடவையும் வாயில் இருக்கிற கிருமி அந்த இனிப்பைத் தின்று அமிலம் விடும். எச்சில் ஊறி அதைச் சரிக்கட்ட அரை மணி நேரம், அதற்கு மேலேயும் ஆகும். அதுக்குள்ளே அடுத்த பிஸ்கட். காலையில் ஒன்பது மணிக்குத் தொடங்கினால் ராத்திரி வரைக்கும் பல் அமிலத்திலேயே நனைஞ்சுக்கிட்டு இருக்கும். அதோடு, வெளியே போகாத வீட்டில் காலையில் பல் விளக்குவதே பதினோரு மணி. ராத்திரி விளக்குவதை ஏன் கேட்கிறீங்க!

இப்போ 2021 மே மாதத்துக்கு வாங்க. இரண்டாம் அலை. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் தவிர வேற சத்தம் இல்லாத நாட்கள். அப்படி ஒரு ராத்திரி என் மகளுக்குக் காய்ச்சல். உடம்பு அனலாக் கொதிக்குது. வலது கன்னம் லேசா உப்பியிருந்தது. கையை வச்சுப் படுத்திருப்பாள்னு நினைச்சோம். அந்த மாசம் காய்ச்சல்னா யாருக்கு வேற எது ஞாபகம் வரும்? எங்க வீட்டுக்காரர் அத்தையைப் பின்கட்டுக்கு அனுப்பினார். நான் தட்டு டம்ளரைத் தனியாப் பிரிச்சேன். எட்டு வயசுகூட ஆகாத பிள்ளை, “அம்மா, நான் செத்துப் போயிடுவேனா?”ன்னு கேட்டா. (அரங்கில் அமைதி)

விடிஞ்சதும் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போனோம். உடல் முழுக்கக் கவச உடை போட்ட ஒரு தங்கச்சி, குச்சியை எடுத்துக்கிட்டு, “ஆ... காட்டு”ன்னுச்சு. என் மகளால் முழுசாத் திறக்க முடியலை. திறந்த வரைக்கும் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, குச்சியை விட்டு எடுத்துட்டு, என்னைப் பார்த்து அந்தப் பொண்ணு சொல்லுச்சு: “அக்கா, கொரோனா ரிசல்ட் வரும்போது வரட்டும். உள்ளே கடைவாய்ப் பல் பாழாப் போயிருக்கே, நீங்க பார்க்கலையா?”

ஒரு வருஷம் மூணு மாசம். ஒரே வீடு, ஒரே தட்டு, ராத்திரி பகலா என் பக்கத்திலேயே இருந்த பிள்ளை. அவளுடைய நெற்றியில் நாள் தவறாமல் கையை வச்சுப் பார்த்தவ நான். விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டிப் பார்த்தவ நான். ஒருநாள் வாயைத் திறடின்னு சொல்லிப் பார்க்கலை. ஒரு வேற்று மனுஷி, அதுவும் வேற எதையோ தேடி வந்தவ, பார்த்துச் சொன்னாள்.

கொரோனா இல்லைன்னு முடிவு வந்தது. டாக்டரம்மாகிட்ட ஓடினேன். அவங்களும் கவச உடை, முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு. என் மகள் உள்ளே போகவே மாட்டேன்னுட்டா. பலூன் கொடுத்த டாக்டர்தான் இதுன்னு சொன்னா நம்பலை. குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிற பல் டாக்டருக்கு மருந்துக்கு முன்னாலே வேண்டியது முகம் ஐயா! அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பிள்ளை வாயைத் திறக்கும். கொரோனா அந்த முகத்தையும் மூடிட்டுது. கடைசியில் அவங்க கதவுக்கு வெளியே தூரமாப் போய் நின்னு, முகக்கவசத்தை இறக்கி ஒருதரம் சிரிச்சுக் காட்டினப்புறம்தான் என் மகள் நாற்காலியில் ஏறினாள். (கைதட்டல்)

எக்ஸ்ரே எடுத்தார்கள். அப்புறம்தான் நான் காதில் வாங்காமல் விட்ட விஷயத்தைச் சொன்னாங்க: “இது பால் பல் இல்லைம்மா.”

தாய்மார்களே, இது உங்களுக்கும் தெரியணும், அதனால் கொஞ்சம் நின்னு சொல்றேன். பிள்ளைக்குப் பால் பல் இருபது. ஆறு வயசு வாக்கில், கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். அதற்கு இடம் விட்டு எந்தப் பல்லும் விழாது. சத்தமில்லாமல், புதுசாக வந்து உட்காரும். எதுவும் விழாததால் நாம் அதையும் பால் பல் கணக்கில் சேர்த்துவிடுவோம். ஆனால் அது சாகிற வரைக்கும் இருக்க வேண்டிய நிலைப் பல். மென்று தின்கிற வேலையில் சுமை தாங்குகிற தூண். மேலே பள்ளம் பள்ளமாக இருக்கும், முளைத்த புதிதில் சீக்கிரம் சொத்தை பிடிப்பதும் அதுதான். சரி, பால் பல்லாகவே இருந்தால்தான் என்ன? கடைவாய்ப் பால் பல் விழ பத்து, பன்னிரண்டு வயசாகும். அதை முன்னாலேயே பறிகொடுத்தால் பின்னால் இருக்கிற பல் முன்னே சாய்ந்து, வரப்போகிற பல்லுக்கு இடம் இல்லாமல் பண்ணிவிடும்.

வேர் இன்னும் முழுசாக வளராத பல். காப்பாற்ற முடியுமா என்று அவங்க ரொம்ப யோசிச்சாங்க. மேலே பிடித்து நிற்கப் பல்லே மிச்சமில்லை. பிடுங்கினார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தவள், பல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கூரையில் போட வேண்டும் என்றாள். கூரையில் போட்டால் புதுப் பல் முளைக்கும் என்று அவளுக்குச் சொல்லி வைத்தது நான்தான். அவள் போட்டாள். நான் தடுக்கவில்லை. இது முளைக்காது என்று சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை ஐயா.

நடுவர்: (சற்று நேரம் கழித்து) தொடருங்கம்மா. மணி அடிக்க மாட்டேன்.

நன்றி ஐயா. என் வீட்டோடு போயிருந்தால் நான் இந்த மேடைக்கே வந்திருக்க மாட்டேன். 2021 நவம்பர் 1ஆம் தேதி, ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடம் திறந்தது. எல்லோர் முகத்திலும் முகக்கவசம். கண்ணை மட்டும் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டோம். மத்தியானம் சத்துணவுக்கு உட்கார்ந்து முகக்கவசத்தை இறக்கினார்கள். எனக்குப் பட்ட சூட்டில் நான் முகத்தைப் பார்க்கலை, பல்லைப் பார்த்தேன். முன்பல் கறுத்த பிள்ளைகள். ஒரு பக்கமாகவே மெல்லுகிற பிள்ளைகள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருத்தன், முட்டையைத் தின்கிறான், சோற்றை விழுங்குகிறான், சுண்டலை மட்டும் ஒதுக்கி வைக்கிறான். “சுண்டல் பிடிக்காதாடா?”ன்னு கேட்டேன். “பிடிக்கும் டீச்சர், கடிக்கத்தான் முடியாது”ன்னான். பசியோடு வருகிற பிள்ளை, தட்டில் இருக்கிற சத்தைத் தின்ன முடியாமல் ஒதுக்குகிறது.

அவனை அவன் அம்மா பல் டாக்டரிடம் கூட்டிப் போயிருக்க மாட்டாரா என்று கேட்பீர்கள். கொரோனாவுக்கு முன்னாலும் போனதில்லை. அந்தப் பிள்ளையின் வாய்க்குள் வெளிச்சம் விழுந்ததே பள்ளிக்கூடத்தில்தான். 2013லிருந்து நடமாடும் மருத்துவக் குழு வருஷத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூடத்துக்கும், ரெண்டு முறை அங்கன்வாடிக்கும் வர ஏற்பாடு உண்டு. கண், காது, இதயத்தோடு பல்லையும் பார்த்துச் சீட்டு எழுதுவார்கள். பள்ளிக்கூடம் மூடிய ஒன்றரை வருஷத்துக்கும் மேலே, எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் எந்தப் பிள்ளையைப் பார்ப்பார்கள்? எங்க டாக்டரம்மா எனக்குப் போன் பண்ணினாங்க, நான் போகலை. அவன் வீட்டுக்குப் போன் பண்ண யாருமே இல்லை. கூலி போனவுடன் அரிசிக்கும் பருப்புக்கும் அடுத்துத்தான் எல்லாம், பல் எத்தனையாவது வரிசை?

எதிரணியினர் இங்கே எழுந்து, “பார்த்தீர்களா, பள்ளிக்கூடம் மூடியதால்தானே பல்லும் போச்சு, அப்போ எங்க கட்சிதான் ஜெயிச்சது” என்று சொல்லப் போகிறார்கள். சொல்லுங்க! உங்க கையாலேயே பல்லைக் கணக்கில் சேர்த்துவிட்டீர்களே, எனக்கு அது போதும்! (கைதட்டல்) ஆனால் பெருக்கல் வாய்ப்பாட்டை மூன்றாம் வகுப்பில் விட்ட பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பில் நான் சொல்லித் தந்துவிட்டேன். என் மகளுடைய அந்தப் பல்லை எந்த வகுப்பில் சொல்லித் தருவீர்கள்?

அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயசு. அதோ மூணாவது வரிசையில் அவ அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறா. பல்லைப் பத்திப் பேசாதேம்மா, வகுப்பில் கிண்டல் பண்ணுவாங்கன்னு சொன்னா, நான் கேட்கலை. (சிரிப்பு) பின்னால் முளைத்த பன்னிரண்டாம் வயசுப் பல் அந்த இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து வருது. நேராக வந்து உட்காருமா, சாய்ந்து வருமா என்று ஆறு மாசத்துக்கு ஒருதரம் போய்ப் பார்த்துட்டு வர்றோம். ஆண்டு விழா இருந்தாலும் போறோம்.

இப்போதெல்லாம் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம், கைப்பையில் ஒரு சின்ன டார்ச் எடுத்துக்கொண்டு போகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனா கறுப்பைக் கறுப்புன்னு சொல்லத் தெரியும். பெத்தவங்களுக்குச் சீட்டு எழுதி அனுப்புவேன். இந்த வருஷம் வரிசையாக எல்லோர் வாயையும் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு வாண்டு, ஒன்றாம் வகுப்பு, வாயைத் திறக்க மாட்டேன்னு நின்னுச்சு. என் டார்ச்சைப் பிடுங்கிக்கிட்டு, “முதல்ல நீங்க ஆ காட்டுங்க டீச்சர்”ன்னுச்சு. காட்டினேன். எட்டிப் பார்த்துட்டு வகுப்பே கேட்கிற மாதிரி கத்துச்சு: “டீச்சர் பல்லுலயும் ஓட்டைடா!” (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு டாக்டரம்மா வரச் சொல்லியிருக்காங்க.